ஏழுமலைக்குப் புரையேறிய வாரம்

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் யாரும் நிம்மதியாக விடமாட்டார்கள். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். திருவொற்றியூருக்கு வருவது அண்ணன் வீட்டில் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்குத்தான். வந்த மறுநாளே ஸ்டெல்லா போன் செய்தாள். என்னோடு படித்தவள். இப்போது ஒரு நர்சிங் கல்லூரிக்கு முதல்வர்.

"ஒரு வாரம் எங்க பசங்களோட வாடி. நாலு காலேஜ் சேர்ந்து பண்றோம். டாக்டருக்குப் படிக்கிறவங்க, நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, எல்லாரும் ஒரே நோயாளியைப் பாத்து ஒண்ணாக் கத்துக்கணும். உங்க ஊர்ல இப்படித்தானே நடக்குது? பசங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேட்டு, சனிக்கிழமை மேடையில சொல்லிடு."

"நான் சொன்னா உனக்குப் பிடிக்காது."

"அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடறேன்" என்றாள். நம்பினேன்.

திங்கட்கிழமை காலை ராயபுரத்தில் கூட வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த ரயிலில் ஏறினேன். வழக்கம் போல நடுவழியில் கூட்ஸ் வண்டிக்கு வழிவிட நின்றது. மஸ்கட்டில் பஸ் கொஞ்சம் தாமதமானாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டுவேன். இங்கே திட்டத் தோன்றவில்லை. எதிரே கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "கூட்ஸு மாப்ள வூட்டுக்குப் போறான், நம்ம ஓரமா குந்திக்கினு கீறோம்" என்றாள். பெட்டி முழுக்கச் சிரித்தது. கருவாடு, டீசல், கடல் எல்லாம் கலந்த அந்த வாடை அப்படியே இருந்தது. என் ஸ்டூடண்ட் காலத்துச் சீருடையில் எத்தனை துவைத்தாலும் போகாத வாடை.

நேரம் இருந்ததால் நான் படித்த ஆஸ்பத்திரியின் பின்வாசல் பக்கம் போனேன். அங்கே அப்போது ஓர் அத்தோ கடை இருந்தது. பர்மாவிலிருந்து வந்த குடும்பம். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, வறுத்த வெங்காயம் போட்டு, சூடாக வாழைத்தண்டு சூப்பும் கொடுப்பார்கள். ஒரே ஒரு பெஞ்ச். டூட்டி முடிந்ததும் ஹவுஸ் சர்ஜன், நர்ஸ், எக்ஸ்ரே எடுப்பவர், வார்டு ஆயா எல்லோரும் அதில்தான் இடித்துக்கொண்டு உட்காருவோம். வார்டுக்குள் எங்களை ஏறெடுத்துப் பார்க்காத டாக்டர்கூட அங்கே, "சிஸ்டர், பத்தாம் பெட் ஆள் இன்னிக்கு எப்படி?" என்று வாயில் முட்டையோடு கேட்பார். நாங்களும் சொல்லுவோம். வார்டில் சொல்ல முடியாததை எல்லாம் அங்கே சொல்லுவோம். இப்போது அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கடைப்பையன் "கவர் வேணுமாக்கா?" என்றான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கூடிய இடத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. மருத்துவ மாணவர்களுக்கு ஏசி வேன். மற்ற மூன்று கல்லூரிக்கும் சேர்த்து ஜன்னல் இறங்காத ஒரு பழைய வேன். சாப்பாட்டுப் பொட்டலமும் இரண்டு வகை. அங்கே பிரியாணி, இங்கே எலுமிச்சை சாதம். ஒன்றாகக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்! ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "அவங்க காலேஜ் தனியா ஏற்பாடு பண்ணிட்டாங்கடி, நான் என்ன செய்ய?" என்றாள். நேர அட்டவணையும் அப்படியே. ஒரே நோயாளிதான். ஆனால் டாக்டர் பிள்ளை காலையில், பிசியோதெரபிப் பெண் முற்பகலில், நர்சிங் பெண் மதியத்தில், பார்மசிப் பையன் அதற்கும் பிறகு. கோயிலில் தனித்தனி வரிசையில் நின்று சாமி பார்ப்பது போல.

நான் போன குழுவுக்கு எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்தில் ஏழுமலையின் வீடு கிடைத்தது. ஏழுமலை பைபர் படகுகளின் இன்ஜினைப் பழுது பார்ப்பவர். சில வாரங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு குழறும். கட்டிலில் தலையணையில் சாய்ந்து கிடந்தார். ஜன்னல் வழியாகக் கழிமுகமும் அதற்கு அப்பால் மின் நிலையத்துப் புகைபோக்கிகளும் தெரிந்தன.

அவர் மனைவி கஸ்தூரி இறால் விற்கிறவள். என்னைப் பார்த்ததும், "நீயும் டாக்டராக்கா?" என்றாள்.

"இல்ல, நர்ஸ்."

"அப்ப உங்கிட்ட கேக்கலாம். இவரு நடக்காட்டி பரவால்லக்கா. இன்ஜின் நாசமாப் போவட்டும். தானா ஒக்காந்து ஒரு வாய் துன்னா போதும். நானே ஊட்டிக்கினு கீறேன். யாவாரத்துக்குப் போனா மனசு இங்கயே கீது."

கட்டிலிலிருந்து ஏழுமலை ஏதோ சொன்னார். கஸ்தூரிதான் மொழிபெயர்த்தாள். "இன்ஜின நாசமாப் போவட்டும்னு சொல்லாதன்றாரு. பாத்தியா, வாய் கோணினாலும் திமிரு கோணல."

அன்று நான் போனது மருத்துவ மாணவன் விக்னேஷோடு. கோயம்புத்தூர்ப் பையன். மரியாதையாகப் பேசுவான். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டான், பிரஷர் பார்த்தான், பீடி குடிப்பீர்களா என்றான். ஏழுமலை இடது கையால் 'கொஞ்சம்' என்று காட்டினார். "நெஞ்சில சளி இருக்கு. பீடியை விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். வெளியே வந்ததும், இந்த ஒன்றாகப் படிப்பது பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

"நல்ல ஐடியாதான் மேடம். ஆனா இதுக்கு மார்க் கிடையாது. எங்களுக்குப் பரீட்சை வருது." பொய் சொல்லாததால் அந்தப் பையனைப் பிடித்துப்போனது.

செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி படிக்கும் நிவேதாவோடு போனேன். வேலூர்ப் பெண், கெட்டிக்காரி. ஏழுமலையின் தோளைப் பிடித்து உட்கார வைத்து, காலை நீட்டி மடக்கச் சொல்லிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு மூச்சு இரைத்தது. படுக்க வைத்தாள். திரும்பி வரும்போது சொன்னாள்: "எங்களை எல்லாரும் மசாஜ் பண்றவங்கன்னு நினைக்கிறாங்க மேடம். டாக்டருக்குப் படிக்கிறவங்களும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. நேத்து ஒருத்தர் எனக்கு கழுத்து வலின்னாரு." நான் சிரிக்கவில்லை. மஸ்கட்டில் எங்கள் வார்டில் காலையில் எல்லோரும் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்போம். பிசியோதெரபிஸ்ட் சரி என்று சொல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அங்கேயும் டாக்டர்களுக்குத் தலைக்கனம் உண்டு. ஆனால் நின்று கேட்டே ஆகவேண்டும்.

அன்று மாலை எண்ணூர் ரயிலடியில் இறங்கி டீ குடித்தேன். சின்ன வயதில் அப்பா இங்கே கூட்டிவந்து கழிமுகத்தில் பிடித்த நண்டை வாங்குவார். அப்போது தண்ணீரில் கால் தெரியும். நண்டு இப்போதும் வருகிறது, சிறியதாக. விற்ற அம்மா, "பெரிசெல்லாம் உன் ஊருக்குத்தான் கப்பல்ல போவுது" என்றாள். நான் வெளிநாடு என்று என் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாளாம்.

புதன்கிழமை நர்சிங் மாணவி தேன்மொழியோடு போனேன். வியாசர்பாடிப் பெண். அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். எங்களிடம் பேசும்போது பாதி கல்லூரித் தமிழ், கஸ்தூரியிடம் பேசும்போது அவள் ஊர்த் தமிழ். கஸ்தூரிக்கு அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

கஸ்தூரி புறா சூப் வைத்திருந்தாள். பக்கவாதம் வந்தால் எங்கள் பக்கத்தில் புறாதான் முதல் வைத்தியம். கறியைச் சமைப்பார்கள், ரத்தத்தைக் கையிலும் காலிலும் தேய்ப்பார்கள். தேய்த்த தடம் அவர் முழங்கையில் காய்ந்திருந்தது. தேன்மொழி திட்டவில்லை. "தேய்க்கிறத வுடுக்கா, சூப்பு குடு, சத்துதான்" என்றாள்.

கஸ்தூரி அவர் தலையை மடியில் சாய்த்து டம்ளரை வாயில் வைத்தாள். இரண்டாவது வாயில் புரையேறியது. கண்ணில் நீர் வர இருமினார். கஸ்தூரி அவர் உச்சந்தலையில் தட்டினாள்.

"யாரோ நெனைக்கிறாங்க."

"யாரு, கடன் வாங்குனவனா?" என்றாள் தேன்மொழி.

"அவன் எங்க நெனைக்கப் போறான்! போட்டுக்காரங்கதான். இன்ஜின் நின்னுபோச்சுன்னா இவரு மூஞ்சி நெனப்பு வரும்."

ஏழுமலையே சிரித்தார். தேன்மொழி சிரித்தாள். நானும் சிரித்தேன். மஸ்கட்டில் ஓர் அரபிக் கிழவருக்கு இப்படி இருமல் வந்திருந்தால் டம்ளரைப் பிடுங்கி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். இங்கே என் வீட்டுத் தமிழ் பேசும் ஒருவர் இருமினார். எனக்குப் படிப்பு ஞாபகம் வரவில்லை, தலையில் தட்டும் அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது.

வெளியே வந்ததும் தேன்மொழியிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தப்பு நான் பண்ணா என்னைத் திட்டுவாங்க. டாக்டர் பண்ணாலும் என்னைத்தான் திட்டுவாங்க. கூட ஒக்கார வெச்சா மட்டும் இன்னா மாறும் மேடம்?"

"ஏன் விக்னேஷை சார்னு கூப்பிடறே? உன் வயசுதானே?"

"அப்படித்தான் சொல்லிக் குடுத்துகீறாங்க."

வியாழக்கிழமை பார்மசி மாணவன் ஆசிஃப். மண்ணடிப் பையன், வாய் மூடாது. ஏழுமலையின் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கஸ்தூரிக்கு விளக்கினான். பிறகு ஏழுமலையை வாயைத் திறக்கச் சொன்னான். வலது கன்னத்துக்குள் பாதி கரைந்த மாத்திரை. "அண்ணே, இன்னா இது, பான் பீடா மாதிரி அடக்கி வெச்சிகினு கீறீங்க?" என்று எடுத்துப் போட்டான். மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தோம். ஏழுமலை அன்று அதிகம் சிரிக்கவில்லை. களைப்பு என்று கஸ்தூரி சொன்னாள்.

வழியில் ஏசி வேன் நின்றிருந்தது. ரேடியேட்டரில் புகை. மற்ற மருத்துவ மாணவர்கள் ஏற்கெனவே ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். டிரைவருக்குத் துணையாக விக்னேஷ் மட்டும் வெயிலில் நின்றான். எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டோம். கொஞ்ச தூரம் போனதும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டோம். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், முன்னாலும் பின்னாலும் இரும்புச் சுவர். இந்த ரோட்டில் மாட்டினால் எப்போது கிளம்புவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. லாரி டிரைவர் ஒருவர் கீழே இறங்கி ஸ்டவ் பற்ற வைத்துச் சமைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

விக்னேஷுக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"பிரியாணி துன்ன வாய்க்கு அப்படித்தான் இருக்கும்" என்ற ஆசிஃப் மாத்திரைக் கதையைத் தொடங்கினான்.

விக்னேஷ் மெல்லுவதை நிறுத்தினான். "மாத்திரை கன்னத்துலயே இருந்துச்சா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்க வேன் கண்ணாடி எங்க பாஸ் எறங்குது?"

நிவேதா முன் சீட்டிலிருந்து திரும்பினாள். "அவருக்கு மூச்சு இரைக்குது. இன்னைக்கு இன்னும் அதிகம். ரொம்ப நாள் படுத்த உடம்பு, அதான்னு நினைச்சேன்."

"நெஞ்சில சத்தம் இருந்துச்சு. நான் பீடின்னு நினைச்சேன்" என்றான் விக்னேஷ்.

தேன்மொழி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மடியில் துப்பட்டாவைச் சுருட்டிக்கொண்டிருந்தது. "சொல்லுடி" என்றேன்.

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா நான் திட்டறேன். சொல்லு."

"எது குடிச்சாலும் பொரையேறுது. தண்ணி, சூப்பு, எல்லாம். குடிச்சப்புறம் பேச்சு கொழகொழன்னு வருது. சாயங்காலம் ஒடம்பு லேசா சுடுதுன்னு அக்கா சொல்லிச்சு." பிறகு மெதுவாக, "நேத்து தலையில தட்டிட்டுச் சிரிச்சோம்" என்றாள்.

பக்கவாதம் கை காலோடு நிற்பதில்லை, தொண்டையையும் தளர்த்தும். விழுங்குவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கும். இது நான்கு பேருக்கும் பாடத்தில் உண்டு. ஆளுக்கு ஒரு துண்டை வைத்துக்கொண்டு நான்கு நாளாக அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் எவனைத் திட்டுவது என்றே தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

விக்னேஷ் பொட்டலத்தை மூடினான். "இறங்கலாம். இப்பவே."

வேன் திரும்ப வழியில்லை. லாரிகளுக்கு இடையில் நுழைந்து நடந்தோம், ஓடினோம். என் முட்டி வலித்தது. வீட்டை அடைந்தபோது கஸ்தூரி டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, குடுக்காத!" என்று தேன்மொழி வாசலிலிருந்தே கத்தினாள்.

ஏழுமலையின் உதடு கறுத்திருந்தது. மூச்சு நாய் இளைப்பது போல வந்தது. உடம்பு கொதித்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். அதுவும் லாரிகளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தது. ஆசிஃப் தெருவுக்கு ஓடி, ஐஸ் பெட்டி ஏற்றி வந்த குட்டி யானை சரக்கு வண்டியை மறித்தான். டிரைவர் ஏழுமலைக்குத் தெரிந்தவர். "நம்ம மேஸ்திரியா? ஏத்து, ஏத்து" என்று பெட்டிகளைத் தானே தூக்கி இறக்கினார்.

ஏழுமலையைப் படுக்க வைக்கப் போனார்கள் அக்கம்பக்கத்தினர். நிவேதா விடவில்லை. பின்னால் உட்கார்ந்து அவரைத் தன் மார்போடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். தேன்மொழி மூச்சை எண்ணினாள், வாயில் வழிந்ததைத் துடைத்தாள். விக்னேஷ் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ஆசிஃப் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, மாத்திரைப் பெயர்களைத் திருப்பிச் சொன்னான். மீன் தண்ணீர் வழுக்கும் வண்டியில், குப்பத்துச் சந்துகளில் புகுந்து புகுந்து போனோம். கஸ்தூரி என் கையைப் பிடித்திருந்தாள். "நான்தாங்க்கா குடுத்தேன், நான்தான் குடுத்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "வாயை மூடு, நீ குடுக்கலன்னா பட்டினியால செத்திருப்பாரு" என்றேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

அவசரப் பிரிவில் டாக்டர், "கேஸ் யாரு சொல்றது?" என்றார். எல்லோரும் விக்னேஷைப் பார்த்தார்கள். அவன் தேன்மொழியைப் பார்த்தான். "இவங்க சொல்லுவாங்க சார். எல்லாத்தையும் சேர்த்துப் பாக்க இவங்க சொன்னதுதான் காரணம்."

அவள் குரல் முதலில் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். நிமோனியா என்றார்கள். ஆக்சிஜன், ஊசி, மூக்கு வழியாகச் சாப்பாட்டுக் குழாய். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். கஸ்தூரி எதுவும் சாப்பிடவில்லை. ஆசிஃப் எங்கிருந்தோ அத்தோ வாங்கி வந்தான். வராந்தா ஓரத்தில் ஐந்து பேரும் ஒரே தாளில் பிரித்து வைத்துச் சாப்பிட்டோம். பழைய நாட்களில் எங்களுக்கு யாரும் இதை ஒரு பாடம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பெஞ்ச் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மேடையில் பேனர், பொன்னாடை, பூங்கொத்து. மருத்துவக் கல்லூரிப் பெரியவர் ஒருவர், "நல்லபடியா நாலு வார்த்தை சொல்லுங்க, வெளியூர்க்காரங்க வந்திருக்காங்க" என்று என் காதில் சொன்னார். நான் மைக்கை மாணவர்களிடம் கொடுத்துவிட்டேன்.

ஆசிஃப், "எங்களை ஒண்ணா உக்கார வெச்சது காலேஜ் இல்ல, லாரி" என்றான். மண்டபம் சிரித்தது. மேடை சிரிக்கவில்லை. நிவேதா, "விழுங்குறதைப் பாக்கத் தனிப் படிப்பு இருக்கு. பேச்சுப் பயிற்சி தர்றவங்களோட வேலை அது. அந்தக் காலேஜைக் கூப்பிடவே இல்ல" என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு மருத்துவ மாணவி எழுந்து, இதெல்லாம் நேர விரயம், அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும் என்றாள். அதையும் முழுக்கச் சொல்லவிட்டோம். விக்னேஷ், "நர்ஸைக் கேளுன்னு இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் சொன்னதில்ல" என்றான். தேன்மொழி கடைசியாக வந்தாள். "சார்னு கூப்பிட்டா தப்பைச் சொல்ல வாய் வரல. பேரு சொல்லிக் கூப்பிட வுட்டீங்கன்னா சொல்லிடுவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். ஸ்டெல்லா என்னை முறைத்தாள். பிறகு அடுத்த முறை ஒரே வேன்தான் என்று மேடையிலேயே அறிவித்தாள். செய்வாளா என்று தெரியாது. அவள் குணம் தெரியும், செய்யப் பார்ப்பாள்.

நான் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். அடுத்த வாரக் கடைசியில் காய்ச்சல் போய்விட்டது. விழுங்கும் பயிற்சி தரும் பெண் ஒருத்தியை நிவேதா தேடிப் பிடித்து வந்தாள். மெலிந்த, கண்டிப்பான பெண். தண்ணியாக எதுவும் கூடாது, கெட்டியாக வேண்டும் என்று சொல்லிக் கஸ்தூரியைக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வரச் சொன்னாள். ஏழுமலையை நேராக உட்கார வைத்தாள். தலையை முன்னால் குனியச் சொன்னாள். ஸ்பூனை அவர் இடது கையிலேயே கொடுத்தாள். தன் விரல்களை அவர் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

நான்கு பேரும் வகுப்பை விட்டுவிட்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கஸ்தூரி புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டாள். ஸ்பூன் நடுங்கி நடுங்கி வாய்க்குப் போனது. தொண்டை ஏறி இறங்கியது. நாங்கள் இருமலுக்காகக் காத்திருந்தோம். பக்கத்துக் கட்டில்காரர்கூடக் காத்திருந்தார். வரவில்லை.

"ஏதாவது பேசுங்க" என்றாள் அந்தப் பெண், குரலைக் கேட்க.

ஏழுமலை நிமிர்ந்து கஸ்தூரியைப் பார்த்தார். வார்த்தை குழறியது. ஆனால் குரலில் ஈரமில்லை.

"இன்னாமே இது, உப்பே போடலியா?"

"பிரஷர் இருக்கு, உப்பு குறைக்கணும்" என்றான் விக்னேஷ். "ஊசி மருந்துல வாய் கசக்கும், அதான்" என்றான் ஆசிஃப். "கொஞ்சம் போட்டாதான் துன்னுவாரு விக்னேஷ்" என்றாள் தேன்மொழி. நிவேதா, சத்து உடம்பில் சேராமல் பயிற்சி செய்ய முடியாது என்றாள். நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க நாலு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, போட்றேன். அதுவரைக்கும் அவரு துன்னட்டும்."